மதுரைக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கேட்பவை: எங்கே சாப்பிடுவது, எங்கே சுற்றுவது

வருகிற ஆவணியில் எங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். அந்தப் பக்கத்துச் சொந்தங்கள், பெண் வேலை பார்க்கும் பெங்களூரிலிருந்து நண்பர்கள், சென்னையில் குடியேறிய எங்கள் ஆட்கள் என வெளியூர்க் கூட்டமே நூற்றைம்பது பேர் தேறும். பத்திரிகை வைத்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. "சித்தப்பா, கறி தோசை எங்கே?" "ஏனுங்க, கோயில் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் வந்த கேள்விகளை எல்லாம் எழுதி, பதிலும் எழுதிவிட்டேன்.

முதலில் நிகழ்ச்சி நிரல். சனி மாலை 6.30க்கு வரவேற்பு. ஞாயிறு காலை 7.30 முதல் 9 வரை முகூர்த்தம். மண்டபம் தல்லாகுளத்தில், அதாவது வைகைக்கு வடக்கே. அறைகள் போட்டிருப்பது மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில், ஆற்றுக்குத் தெற்கே, ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். மண்டபத்துக்கும் அறைக்கும் வேன் ஓடும்.

மண்டபத்தில் எந்தெந்த வேளைக்குச் சாப்பாடு?

சனி இரவு, ஞாயிறு காலை டிபன், ஞாயிறு மதியம். இந்த மூன்றும் பந்தி. சனி மதியம் வந்துவிடுகிறவர்களுக்குச் சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல் என்று எளிமையாக இருக்கும். மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு: வெள்ளி இரவு, சனி காலை. ஞாயிறு இரவு ரயிலுக்கு வேண்டியதைக் கடைசிப் பதிலில் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். சனி இரவு வரவேற்பில் தலையைக் காட்டிவிட்டு வெளியே சாப்பிடப் போகிற திட்டம் சில இளவட்டங்களிடம் இருப்பதாகக் கேள்வி. இலைக் கணக்கு சொல்லித்தான் சமைக்கிறார்கள், மாப்பிள்ளைகளா. இலை மிஞ்சினால் எங்கள் மதினிதான் ராத்திரி முழுக்கப் புலம்புவார். பந்தியை முடித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போங்கள்.

ஒரு நல்ல கடை பெயர் சொல்லுங்கள், போதும்.

அதுதான் சிக்கல். மதுரையில் கடைப் பெயரைத் தெரிந்துகொண்டால் பாதிதான் தெரியும். அந்தக் கடை எந்த நேரத்துக்கு உரியது என்பது மீதி. இங்கே ஒவ்வொரு தீனிக்கும் ஒரு வேளை உண்டு. கறிச் சாப்பாட்டு மெஸ் என்றால் ஒரு மணிக்குள் உட்கார வேண்டும். ஜிகர்தண்டா, வெயில் இறங்கத் தொடங்கும் நாலு மணிக்கு. வெள்ளையப்பம், முள்ளு முருங்கைப் பூரியெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு. கறி தோசையும் பரோட்டாவும் இரவுக்கு.

நானே ஒருமுறை சென்னை நண்பர்கள் பத்துப் பேரை, "மதுரை மெஸ் என்றால் என்னவென்று காட்டுகிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அழைத்துப் போனேன். போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. சோறு இருந்தது, ரசம் இருந்தது, மோர் இருந்தது. குழம்பில் கரண்டி தரையைத் தட்டியது. கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. இன்றுவரை அந்தப் பத்துப் பேரும் என்னை "ரசம் சாதம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதனால் கீழே எதைச் சொன்னாலும் நேரத்தோடு சேர்த்தே சொல்கிறேன்.

வெள்ளி இரவு வந்து இறங்குகிறோம். அன்றைக்கு எங்கே?

கவுச்சி சாப்பிடுகிறவர்கள் சிம்மக்கல் போங்கள். அறையிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிஷம். கோனார் கடை கறி தோசைதான் அங்கே பேர்போனது. ஊரில் அந்தப் பெயரில் பல பலகைகள் தொங்குகின்றன. "சிம்மக்கல் கோனார் கடை" என்றே கேளுங்கள்.

கறி தோசை என்றதும் மசால் தோசையில் உருளைக்கிழங்குக்குப் பதில் கறி வைத்திருப்பார்கள் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. கொஞ்சம் தடிமனாக ஊற்றிய தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் முன்பே வெந்து மசாலா ஏறிய கொத்துக்கறி. மூன்றையும் சேர்த்து அமுக்கித் திருப்பிப் போட்டு வேகவைப்பார்கள். கறி முட்டையோடு ஒட்டிக்கொண்டு, அடை மாதிரி ஒரே துண்டாகிவிடும். ஒருவருக்கு ஒன்று போதும். இரண்டாவது கேட்கிறவர்கள் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு யோசியுங்கள்.

பரோட்டாதான் வேண்டும் என்றால் எந்தத் தெருவிலும் கிடைக்கும். சாத்தமங்கலம் ஆவின் பக்கத்தில் பன் பரோட்டா என்று ஒன்று போடுகிறார்கள். பன்னைப் போல உப்பி, உள்ளே பஞ்சாக இருக்கும். சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள் அடுத்த பதிலுக்கு வாருங்கள்.

நாங்கள் சைவம். மதுரை என்றாலே எல்லாரும் கறி, குடல் என்றே பேசுகிறார்களே?

பேசுவது அவர்கள். இட்லி சாப்பிடுகிறவர்கள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பல ஊர்களுக்குக் கிளை பரப்பிய முருகன் இட்லிக் கடை பிறந்தது இந்த ஊரில். மேலமாசி வீதிக் கடை உங்கள் அறையிலிருந்து நடக்கிற தூரம். சனி காலை டிபனுக்கு அங்கேயே போகலாம். இட்லி ஆறுவதற்குள் சட்னிகள் எல்லாம் இலையில் விழுந்துவிடும். அதே வீதியில் இன்னொரு விஷயமும் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று காலை, காந்தி மேல்சட்டையும் நீள வேட்டியும் விட்டு அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதி வீடு ஒன்றில்தான். அந்தக் கட்டடத்தில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. டிபன் முடித்துத் திரும்பும் வழியில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

மாலை டிபனுக்கு மேலச்சித்திரை வீதிப் பக்கம் கோபு ஐயங்கார் கடை. வெள்ளையப்பமும் காரச் சட்னியும். கடை சின்னது, கூட்டமாக இருக்கும், உட்கார இடம் கேட்டு நிற்க வேண்டி வரலாம். நிற்கலாம், தப்பில்லை. டவுன்ஹால் ரோட்டில் காலேஜ் ஹவுஸ் பழைய பேர். பெரியவர்களை நிதானமாக உட்காரவைத்துக் காபி வாங்கித்தர அது வசதி.

முள்ளு முருங்கைப் பூரி தெருவோரத்தில் கிடைக்கும் தீனி. முள்ளு முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். பச்சையாக உப்பி வரும், மேலே காரப் பொடி தூவித் தருவார்கள். அந்த மரத்துக்கு இன்னொரு பெயர் கல்யாண முருங்கை. கல்யாணத்துக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போவதாவது.

மதியம் நல்ல கறிச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

சனி மதியம் மட்டும்தான் உங்களுக்கு வாய்ப்பு. ஞாயிறு மதியம் பந்தி. சனிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு, அவர்களுக்கு மண்டபத்துச் சாம்பார் சாதம் இருக்கிறது.

மண்டபத்துக்குப் பக்கத்திலேயே தல்லாகுளத்தில் சந்திரன் மெஸ், அழகர்கோயில் ரோட்டில் அம்மா மெஸ் என்று ஆளுக்கொரு கட்சி. நான் கட்சி சேர்வதில்லை. அம்மா மெஸ்ஸில் எலும்பு மஜ்ஜையைப் போட்டு ஒரு ஆம்லெட் தருகிறார்கள், அதற்காகப் போகலாம். இந்த மாதிரி இடங்களில் விலைப் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். தட்டில் எல்லா வகையையும் அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள்: சுக்கா, கோலா உருண்டை, ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), குடல், ரத்தப் பொரியல். கையைக் காட்டினால் இலைக்கு வந்துவிடும். கையைக் காட்டும்போதே விலையையும் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டின் விலை ஒன்று, தொடுகறியின் விலை வேறு. பில் வரும்போது பெங்களூர்ப் பிள்ளைகள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அயிரை மீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். மண்ணைக் கக்குவதற்காக உயிரோடு பாலில் விட்டுக் கழுவி, தலை வாலோடு அப்படியே புளிக்குழம்பில் போடுவார்கள். முள் எடுக்கிற வேலையே இல்லை.

பிரியாணிக்குக் கீழவெளி வீதி அம்சவல்லி பவன். பழைய ஆட்களிடம் கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். கோயம்புத்தூர்ச் சம்பந்திகளுக்கு ஒரு தகவல்: இங்கே பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசிதான். பாசுமதி எதிர்பார்க்க வேண்டாம்.

ஜிகர்தண்டா எங்கே குடிப்பது? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

விளக்குத்தூண். கீழமாரட் வீதி முனையில் கூட்டம் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே பாலாடை போலக் கெட்டியாக ஒரு ஐஸ்கிரீம். அந்த ஐஸ்கிரீம் வெள்ளையாக இருக்காது, பால் சுண்டிய பழுப்பு நிறத்தில் இருக்கும். சில கடைகளில் பாதாம் பிசினும் சேர்ப்பார்கள். கலக்காமல் குடித்தால் மேலே பால், கீழே சர்பத் என்று தனித்தனியாகப் போகும். ஸ்பூனை அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குடியுங்கள்.

குழந்தைகளுக்குத் தாராளமாக. சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு வேண்டாம். எங்கள் அக்கா வீட்டுக்காரர் "ஒரு வாய்தான்" என்பார். நம்பாதீர்கள்.

பருத்திப்பால் என்கிறார்களே, அது?

பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால். அதில் அரிசி மாவு, வெல்லமோ கருப்பட்டியோ, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ச் சில். கூழ் பதத்தில் சூடாக இருக்கும். தள்ளுவண்டியில் விற்பார்கள், வண்டியைப் பார்த்த இடத்தில் குடித்துவிட வேண்டியதுதான். தொண்டை கட்டினால் எங்கள் அப்பத்தா வாங்கிக் கொடுப்பார். வரவேற்பில் பாட்டுப் பாடப் போகிற பிள்ளைகள் கவனிக்கவும்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எப்போது போகலாம்?

மதியம் 12.30க்கு நடை சாத்துவார்கள், 4 மணிக்குத் திறப்பார்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒரு குடும்பம், சாப்பிட்டுவிட்டு "சும்மா ஒரு எட்டு" என்று ஒரு மணிக்குப் போய், சுடுகிற கல்லில் கைக்குழந்தையோடு நின்றுவிட்டுத் திரும்பும்.

கைபேசி உள்ளே கொண்டுபோக முடியாது. 2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. வாசலில் வைத்துவிட்டுப் போக இடம் உண்டு, ஆனால் வரிசை இருக்கும். அதனால் குடும்பத்தில் ஒருவர் வெளியே இருப்பது, பிறகு மாற்றிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது எல்லாப் போனையும் அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், இன்னும் நிம்மதி. "உள்ளே பிரிந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒரு தம்பி கேட்டார். நாங்கள் எல்லாம் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால்தான் சேர்வோம். அவ்வளவு பெரிய பிள்ளையாரைத் தவறவிட முடியாது. உடை விஷயம் தெரிந்ததுதான்: அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை வேண்டாம்.

வரிசையில் நின்று தரிசனம் செய்ய விடியற்காலை நல்லது, 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால் வெள்ளி இரவு 8.30 மணிக்குப் போங்கள். ஒன்பது மணிவாக்கில் பள்ளியறைப் பூஜை. சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு மீனாட்சியின் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். இந்த வீட்டில் மாப்பிள்ளைதான் தினமும் பெண் இருக்கிற இடத்துக்கு வர வேண்டும். எங்கள் சம்பந்தி வீட்டு மாப்பிள்ளைக்கும் இதைக் காட்டிவிட வேண்டும் என்று மதினி சொல்லியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத் திருவிழா அன்று சுவாமியும் அம்மனும் புட்டுத்தோப்புக்குப் போய்விடுவார்கள், திரும்பும் வரை கோயிலில் தரிசனம் இருக்காது. பிட்டுக்கு மண் சுமந்த கதையை நடத்திக் காட்டுகிற நாள் அது. நம் முகூர்த்தம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது, கவலையில்லை. தங்கியிருந்து பார்க்கப் போகிறவர்கள் மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீதிப் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. வழி தொலைந்துவிட்டால்?

தொலையவே முடியாது. கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். உள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு. கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நடந்தால் மாதம் மாதமாகத் தாண்டிப் போவீர்கள். மாசியையும் தாண்டினால் உங்கள் அறை இருக்கிற பெருமாள் மேஸ்திரி வீதி, கடைசியில் வெளி வீதி.

பெருமாள் மேஸ்திரி யார் என்று பெங்களூர்ப் பெண் ஒருவர் கேட்டிருந்தார். 1840களையொட்டி பிளாக்பர்ன் என்ற கலெக்டர் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையைப் பார்த்த ஆட்களில் ஒருவர் மாரட், ஒருவர் பெருமாள் மேஸ்திரி. இருவர் பெயரும் வீதிகளுக்கு வந்துவிட்டது. விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. ஜிகர்தண்டாவோடு சரித்திரமும் இலவசம்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டபின் ராத்திரி ரயில் வரை என்ன செய்வது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். என் யோசனை: பந்தி முடிந்ததும் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்துவிடுங்கள். ஆவணி வெயில் லேசுப்பட்டதல்ல. மூன்று மணிக்குக் கிளம்பித் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியது. இன்று நிற்பது அன்றைய அரண்மனையில் ஒரு பகுதிதான். அதற்கே தூண்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

அங்கிருந்து விளக்குத்தூண் நடக்கிற தூரம். நாலரைக்கு ஜிகர்தண்டா. அங்கிருந்து கோயிலும் நடைதான். கோயில் முடித்தவர்கள் அப்படியே கடைவீதி. மகாலில் மாலையில் ஒலி ஒளிக் காட்சி நடத்துவார்கள், கண்ணகி கதையும் அதில் வரும். அது அன்றைக்கு உண்டா, எத்தனை மணிக்கு என்பதை மகாலுக்குப் போகும்போதே சீட்டு கொடுக்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவணியில் சாயங்காலம் திடீரென்று இடி மழை கொட்டுவதும் உண்டு, ஒரு குடை இருக்கட்டும்.

நடக்க மாட்டாத பெரியவர்களை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போங்கள். மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்பார்கள். அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் நம் முக்குறுணிப் பிள்ளையார். சுற்றுச் சுவரில் உட்கார்ந்தால் காற்று வரும். சுண்டல், பஜ்ஜி, பானிபூரி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். நீர் நிறைந்திருந்தால் படகுச் சவாரியும் உண்டு.

குழந்தைகள் மண்டபத்தில் ஓடிப் பிடித்து விளையாடிச் சலித்துவிடுவார்கள். எங்கே அழைத்துப் போகலாம்?

தல்லாகுளத்திலிருந்து பக்கம், புதுநத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தார்கள். குழந்தைகளுக்கென்று பெரிய பகுதி, குளிர்சாதன வசதி, ஓடியாட இடம். அதைவிட என்ன வேண்டும்? சனி முற்பகல் அங்கே விட்டால் பெற்றவர்களும் ஒரு மூலையில் கண் மூடலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனையாக இருந்த கட்டடம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்த இடத்தில் எங்கள் வீட்டு வாலுகளே வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். பக்கத்திலேயே ராஜாஜி பூங்கா.

நாங்கள் காலையில் நாலு மணிக்கே எழுந்துவிடுவோம்.

கொடுத்துவைத்தவர்கள். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட். சாக்குச் சாக்காக மல்லிகை மொட்டு வந்து கொட்டுவதைப் பார்க்கலாம். மூக்குக்கு அது ஒரு திருவிழா. முகூர்த்த நாள்களில் விலை கிலோ ஆயிரங்களில் ஏறும், அதனால் எங்கள் அண்ணனை மட்டும் அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

இன்னொன்று, கீழக்குயில்குடி சமணர் மலை. ஊரிலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஐயனார் கோயில், பெரிய ஆலமரம். பக்கத்திலேயே படி ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் வரிசை. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்கள். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும், பாறை சுடும். சனி காலை போய்விட்டு வந்தால் டிபனுக்குச் சரியாக இருக்கும். ஞாயிறு காலை வேண்டாம். தாலி கட்டும்போது மலைமேல் இருந்தீர்கள் என்றால் நான் பொறுப்பில்லை.

அரை நாள் இருக்கிறது. ஊருக்கு வெளியே எங்கே போகலாம்?

கீழடி. பன்னிரண்டு கிலோமீட்டர்வாக்கில், ராமநாதபுரம் சாலையில். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் கீறிய எழுத்துகள், தாயக் கட்டை, சில்லு என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வீட்டுச் சாமான்கள். எனக்கு அந்தத் தாயக் கட்டையைப் பார்த்ததும் எங்கள் அப்பத்தா ஞாபகம்தான்.

கோயில் வேண்டும் என்பவர்களுக்கு அழகர்கோயில், வடக்கே 21 கிலோமீட்டர். மேலே பழமுதிர்சோலை, நூபுர கங்கை. அங்கே பிரசாதமாகத் தரும் தோசையை வாங்காமல் திரும்பாதீர்கள். தடியாக, கறுப்பு உளுந்தும் மிளகும் சுக்கும் சேர்ந்து, நெய்யில் வெந்தது. பிய்த்துச் சாப்பிட நல்ல பல் வேண்டும். திருப்பரங்குன்றம் பக்கத்தில்தான், ஆனால் முகூர்த்த நாளில் அங்கே நம்மைப் போலப் பல கல்யாணக் கூட்டம் இருக்கும்.

சனிக்கிழமை ஒரே நாளில் கொடைக்கானல் போய்விட்டு வரவேற்புக்கு வந்துவிடலாமா?

முடியாது. போக மூன்று மூன்றரை மணி நேரம், வரவும் அதே. போதாததற்கு இப்போது வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை விடுப்பு போட்டிருந்தால் அன்றைக்குப் போங்கள்.

மால், சினிமா?

சொக்கிகுளத்தில் விஷால் மால் இருக்கிறது. பெங்களூரிலிருந்து மதுரைக்கு வந்து மாலுக்குப் போவதா என்று கேட்க வாய் வருகிறது. ஆனால் மதியம் இரண்டு மணி வெயிலில் அதுவும் ஒரு புகலிடம்தான்.

தூங்கா நகரம் என்கிறார்களே, ராத்திரி முழுக்கக் கடை இருக்குமா?

பழைய அளவுக்கு இல்லை. வீதிகளுக்குள் பதினோரு மணிக்கு மேல் பெரும்பாலும் ஷட்டர் இறங்கிவிடும். பேருந்து நிலையங்கள், ரயில் நிலையப் பக்கம் டீயும் சூடான இட்லியும் கிடைக்கும். மாட்டுத்தாவணி நிஜமாகவே தூங்காது.

"அந்த" ஏற்பாடு ஏதாவது உண்டா, சித்தப்பா?

அடுத்த கேள்வி.

ஆட்டோ எப்படி? பேருந்து எங்கே ஏறுவது?

ஆட்டோவுக்கு ஏறும் முன்பே பேசிவிடுங்கள், அல்லது ஆப்பில் பிடியுங்கள். ஆற்றைத் தாண்டும் இடத்தில், முக்கியமாகக் கோரிப்பாளையம் பக்கம், சாயங்காலம் நெரிசல் கொல்லும். வரவேற்புக்கு ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள்.

கோயம்புத்தூர் ஆட்களுக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையம். சென்னை, திருச்சி, திருநெல்வேலிக்கு மாட்டுத்தாவணி. இரண்டும் எதிரெதிர்த் திசை. போன கல்யாணத்தில் மாறிப் போய் நின்ற ஒரு மாமா, இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

மல்லிகைதான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. மாலை ரயிலுக்கு என்றால் மதியத்துக்கு மேல் மொட்டாக வாங்குங்கள், மலர்ந்ததை வாங்காதீர்கள். வாழையிலையில் சுற்றித் தரச் சொன்னால் தருவார்கள். இரவில் ரயில் பெட்டிக்குள் விரியும். மேல் பெர்த்காரர் எட்டிப் பார்ப்பார்.

சேலைக்குச் சுங்குடி. சௌராஷ்டிரப் பெண்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பருத்திச் சேலை. முடிச்சுப் போட்டதா, அச்சடித்ததா என்று கேட்டு வாங்குங்கள், விலை வேறு. துணியை விரித்துத் தொட்டுப் பார்த்தால் முடிச்சு இருந்த இடம் லேசாகச் சுருங்கி மேடு தட்டும். புதுமண்டபத்துக் கடைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு: அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

இனிப்புக்கு ரயில் நிலையம் அருகில் பிரேமா விலாஸ் அல்வா. கால் கிலோ கட்டச் சொல்லிவிட்டு, ஐம்பது கிராம் சூடாக இலையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். கூடவே கொஞ்சம் மிக்சர். ஆறிய அல்வா வேறு பண்டம்.

ஞாயிறு இரவு ரயிலுக்குச் சாப்பாடு?

மண்டபத்துச் சமையல்காரரிடம் பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் பொட்டலம் போடச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பொட்டலம் என்பதை ஞாயிறு காலை பத்து மணிக்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு சமையற்கட்டுப் பின்வாசலில் வாங்கிக்கொள்ளலாம். கோயில், கடைவீதி என்று போய்விட்டு வர முடியாதவர்களுக்கு, என் மகன் அறை வாசலுக்கே கொண்டுவருவான். எத்தனை பேர் என்று சரியாகச் சொல்லுங்கள், அவன் ஓட்டுவது ஸ்கூட்டர்.